படத்தின் முகமும் முதுகும்

கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய பழைய ஐரோப்பிய தேசப்படங்களை நேயர்கள் சிலர் கண்டிருத்தல் கூடும். கடலிற் பாய் விரித்த கப்பல்கள். அலையிடைத் தலைநீட்டும் பூத மீன்கள். மூலையிலே பூவேலை சூழ்ந்த தலைப்புக் கட்டம். இவற்றை வெறும் அலங்காரப் பொருளென்றே பலரும் மதிப்பர். அம்மதிப்பு பாதி உண்மையே.

இக்கலையின் பொற்காலத்தைத் தொடக்கிவைத்தோருள் தலையாயவர் ஏபிரகாம் ஓர்ட்டேலியஸ். 1527இல் அன்ட்வேர்ப் நகரிற் பிறந்த அவர், 1547இல் தேசப்படங்களுக்கு வண்ணந் தீட்டுபவராக அந்நகர்க் கலைஞர் சங்கத்திற் சேர்ந்தார். செப்புத் தகட்டிற் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சிட்ட தாள்களுக்குக் கையால் நிறமூட்டுதலே அத்தொழில். அழகூட்டுந் தொழிலிற் பழகிய அவரே, 1570இல், 53 படத்தாள்களை ஒரே அளவினவாக அமைத்து, 'உலக அரங்கு' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டு நூலாக வெளியிட்டார். பிறர் வரைந்த படங்களைத் துணைக்கொண்டமையை அவர் மறைத்தாரல்லர். 87 பேரின் பெயர்களை நூலின் முற்பகுதியிலேயே நிரல்படுத்தி வைத்தார்.

1576இல் ஸ்பானியப் படையினர் அன்ட்வேர்ப்பைச் சூறையாடினர். மூன்றாண்டுகளின் பின், 1579இல், ஓர்ட்டேலியஸ் தம் நூலுடன் பண்டை நாடுகளின் படங்களைச் சேர்க்கத் தொடங்கினார். உரோமப் பேரரசு, பழைய கிரேக்கம், தூய பவுல் பயணஞ் செய்த நாடுகள் என்பன முதலில் வந்தன. பின்னர் வந்த ஒரு படம் விவிலியத்து ஏபிரகாமின் பயணத்தைக் காட்டுவது. அதிலே, தொங்கும் திரைச்சீலை போன்று தீட்டிய தேசத்தைச் சுற்றி, அவர்தம் வாழ்க்கையைக் கூறும் 22 வட்டச் சித்திரங்கள் விளங்குகின்றன.

இத்தாள்களின் பின்புறத்தே அச்சிட்ட உரை ஒன்று உண்டு. அந்நாட்டின் வரலாறும், அதனைப் பற்றிப் பண்டை ஆசிரியர் கூறியவையும் ஆங்கே காணப்படும். முன்புறத்துச் சித்திரம் எதனை ஆதாரமாகக் கொண்டது என்பதைப் பின்புறமே அறிவிக்கும்.

ஆயின் நிகழ்ந்தது யாது? தாள் தாளாக விற்பின் ஊதியம் மிகும் எனக் கருதிய வணிகர், இத்தகைய நூல்கள் பலவற்றைப் பிரித்துவிட்டனர். சட்டத்துட் புகுந்த தாளின் உரை சுவரை நோக்கியது. 87 பேரின் பட்டியலோ அத்தாளுடன் வருவதில்லை. எஞ்சியது அழகு மட்டுமே.

ஆதலின், இத்தகைய தாளை வாங்குவோர் ஒருமுறை அதனைப் புரட்டிப் பார்ப்பாராக. சட்டமிடுவோர் பின்புறத்துக்கும் கண்ணாடி வைப்பாராக. முழுநூலாகவே பெற்றவர் அதனைப் பிரியாது காத்தல் யாவற்றினும் நன்று.