பாவி யார் ஐயா?



1741 ஜூலை 8. அமெரிக்காவில் என்ஃபீல்டு என்ற சிற்றூர். பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவின் மரபில் ஊறிய போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் பிரசங்கம் செய்கிறார். தொண்டை கிழியக் கத்துகிறவர் அல்லர்; எழுதி வைத்ததைப் பார்த்து நிதானமாகப் பேசுகிறவர். நெருப்புக்கு மேலே சிலந்தியைப் பிடித்திருப்பதுபோல் கடவுள் உங்களைப் பிடித்திருக்கிறார், உங்களைக் கண்டாலே அவருக்கு அருவருப்பு என்கிறார். கூட்டம் அலறியது. தப்பிக்க என்ன வழி என்று கதறிய கூச்சலில் பிரசங்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

கதறியவர்கள் யார்? கொலைகாரர்களா? ஒழுங்காகச் சபைக்கு வந்து உட்கார்ந்த குடும்பத்து மனிதர்கள்! மனந்திரும்பாத பாவி என்றால் கெட்டது செய்தவன் என்றுதானே நாம் நினைப்போம்? பியூரிட்டன்களின் கணக்கு வேறு. எவ்வளவு யோக்கியனாக நடந்தாலும், உள்ளம் புதிதாக மாறுகிற ‘மறுபிறப்பு’ நேராதவன் பாவிதான். சரி, முயன்று பெற்றுக்கொள்ளலாமா? முடியாது, கடவுளாகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு! கையைக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டு, ஏனடா நீந்தவில்லை என்று கேட்கிற நியாயம்!

இந்தக் கணக்கு குழந்தைகளையும் விடவில்லை. 1662இல் மைக்கேல் விகில்ஸ்வொர்த் என்ற பியூரிட்டன் போதகர் இறுதித் தீர்ப்பைப் பற்றி ஒரு நெடும்பாட்டு எழுதினார். ஒரு பாவமும் செய்ய நேரமில்லாமல் செத்த பச்சைக் குழந்தைகளுக்கும் அதில் நரகம்தான். ஆனால் பெரிய மனதோடு, வேதனை குறைந்த அறையாக ஒதுக்கினார்! அந்தப் புத்தகம் அமோகமாக விற்றது.

இந்தப் பயம் என்ன செய்தது பாருங்கள்: 1735இல் எட்வர்ட்ஸ் போதகராக இருந்த நார்தாம்ப்டனில் பக்தி அலை பொங்கிய நேரத்தில், அவருடைய தாயாரின் சகோதரியை மணந்த ஜோசப் ஹாலி, தன் ஆன்மாவின் கதியை நினைத்து நினைத்து மனம் கலங்கித் தன் கழுத்தை அறுத்துக்கொண்டார். எட்வர்ட்ஸ் பழியைச் சாத்தான்மேல் போட்டார்.

அன்பினால்தான் எச்சரித்தார் என்பார்கள். அவர் நம்பித்தான் பேசினார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதே மனிதர் 1731இல் நியூபோர்ட்டுக்குப் போய், வீனஸ் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுமியை 80 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். பின்னாளில், அடிமை வைத்திருந்த இன்னொரு போதகருக்கு வக்காலத்து வாங்கியும் எழுதினார்: ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாகப் பிடித்து வருவது தவறாம், வீட்டில் வைத்திருப்பது தவறில்லையாம். அந்த வக்காலத்தை எழுதுகையில் கடவுளின் கோபம் எங்கே ஐயா போயிருந்தது?