செருகுவாயில் தமிழுக்கு ஓர் எண்

(வாலாசாப்பேட்டையில் தூயதமிழ் அன்பர்களின் திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



‘கணிப்பொறியில் தமிழ்’ என்று தலைப்பிட்டு என்னை அழைத்திருக்கின்றீர்கள். இத்தலைப்பில் பேச வருவோர் பெரும்பாலும் எழுத்துருவைப் பற்றிப் பேசுவர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையும், அதன்வழி வந்த ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் புகழ்ந்துரைப்பர். ஒருங்குறியில் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடைக்காத குறையை எடுத்துக்காட்டி அமர்வர். அவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் அவை யாவும் வீட்டின் கூடத்தில் நடப்பன. நான் இன்று உங்களைக் கடைக்காலுக்கு அழைத்துச் செல்ல விழைகின்றேன்.

இவ்வூர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் பட்டப்பெயர் வாலாசா. அதுவே ஊரின்மேலும் ஏறிற்று. அவர் காலத்துக் கும்பினியானுக்குத் தமிழ் தெரியாது. இங்கிருந்த நெசவாளிக்கும் வணிகனுக்கும் ஆங்கிலம் தெரியாது. இருவர்க்கும் இடையில் நின்றவன் இருமொழியாளன். ‘துபாசி’ என்று வடசொல்லால் வழங்கப்பெற்றவன். இப்பக்கத்தார் சொன்னது இன்னதென்றும் அப்பக்கத்தார் கேட்டது இன்னதென்றும் அவன் உரைத்ததே உரை. துபாசி யார் பக்கம் சாய்ந்தானோ அவர் பக்கம் வணிகமும் சாய்ந்தது.

கணிப்பொறிக்குள்ளும் அத்தகைய இருமொழியாளர் உளர். அவர்களுக்கு ‘இயக்கி’ என்று பெயர். விசைப்பலகை, அச்சுப்பொறி, விரலி, எடைப்பொறி என வெளியிலிருந்து வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பேச்சு. இயங்குதளத்தின் நடுவே ‘கருனி’ என்றொரு பகுதி இருக்கின்றது. நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டுக் கொடுத்து, பொறி முழுவதையும் ஆள்வது அதுவே. அக்கருனிக்கும் வெளிக்கருவிக்கும் இடையில் நின்று மொழிபெயர்ப்பது இயக்கி.

முன்னாளில் கருவிக்கொரு செருகுவாய் இருந்தது. அந்தச் சிதறலை ஒழிக்க எழுவர் குழுமங்கள் கூடி 1996ஆம் ஆண்டு வகுத்த பொதுநெறியே ‘யூ.எசு.பி.’ எனப்படும் பொதுத் தொடர்ப்பாட்டை. அதை உருவாக்கியோருள் ஒருவராகப் போற்றப்படும் அசய் பட்டு, குசராத்து மாநிலத்து வதோதராவில் பிறந்தவர். இந்நெறிப்படி, செருகப்பட்ட கருவி முதலில் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஆக்கியோன் எண் ஒன்று, பொருள் எண் ஒன்று. பின்னர் இன்ன வகையைச் சேர்ந்தேன் என்பதற்கு இன்னோர் எண். விசைப்பலகையும் சுட்டியும் 03, அச்சுப்பொறி 07, சேமிப்புக் கருவி 08. அவ்வெண்களைக் கேட்ட கருனி, தன்னிடமுள்ள இயக்கிகளுள் பொருந்திய ஒன்றை எழுப்பி, “இவனோடு நீ பேசு” என்று ஒப்படைக்கின்றது. திருமண வீட்டு வாயிலில் நின்று வந்தோரை ஊரும் உறவும் கேட்டு அமர வைக்கும் முறைதான் இது.

நெறி இவ்வளவு தெளிவாக இருக்க, அதைப் பேணுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். கரணியம் எளியது: கருவிகள் பொய் சொல்லுகின்றன!

பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த இலினசு தோர்வால்டுசு 1991இல் தொடங்கிய இலினக்சுக் கருனியை யாரும் திறந்து படிக்கலாம். அதில் சேமிப்புக் கருவிகளுக்குரிய இயக்கியின் பக்கத்திலேயே ‘வழக்கத்துக்கு மாறான கருவிகள்’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு நீண்ட பட்டியல் கிடக்கின்றது. என்னிடம் இத்துணைக் கட்டங்கள் உள என்று உண்மையினும் ஒன்று கூட்டிச் சொல்லும் கருவி. அக்கடைசிக் கட்டத்தைப் படிக்கப் போனால் நின்றுபோகும் கருவி. கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டால் வாயடைத்துப்போகும் கருவி எனப் பல அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நேரே இதை இவ்வாறு கையாள்க என்று ஒரு குறிப்பும், அதைக் கண்டு சொன்னவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். ஊர்பேர் தெரியாத யாரோ ஒருவர், தம் ஒளிப்படக் கருவி வேலை செய்யாமற் போன ஒரு மாலையில் பொறுமையோடு உட்கார்ந்து, அதன் பொய்யைக் கண்டுபிடித்து, ஓரிரு வரி எழுதி அனுப்பினார். அதன் பயனை உலகெங்கும் உள்ளோர் அவர் பெயரைக்கூட அறியாமல் துய்க்கின்றனர். பேணுதல் என்பது இதுதான், ஐயன்மீர். புதியது படைத்தல் அதனினும் எளிது.

இவ்வாறு வரும் திருத்தங்களைப் படித்துப் பார்த்துக் கொள்ளவோ தள்ளவோ ஒரு பேணுநர் இருப்பார். யூ.எசு.பி. பகுதிக்கு நெடுங்காலமாகக் கிரெக் குரோவா-ஆர்ட்மன் என்பார் அப்பொறுப்பில் இருக்கின்றார். அவர் கையைக் கடந்து தோர்வால்டுசிடம் செல்லும். ஒன்பது பத்துக் கிழமைக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவரும். திருத்தியவர் தம் பெயரைக் கையொப்பமாக இட்டாக வேண்டும், அப்பெயர் அழியாது. முன்பு ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் புதிய திருத்தம் கெடுத்துவிடுமாயின், எவ்வளவு அறிவார்ந்ததாயினும் அத்திருத்தம் திரும்பப் பெறப்படும் என்பது அங்குள்ளோர் உறுதியாகக் கடைப்பிடிக்கும் அறம். 2008ஆம் ஆண்டு நவம்பரில் யூ.எசு.பி. 3.0 நெறி வெளிவந்தது. 2009 செபுதம்பரில் வந்த இலினக்சுப் பதிப்பு அதற்குரிய இயக்கியைத் தாங்கி, பெருங்குழுமங்களின் இயங்குதளங்களை முந்திக்கொண்டது.

இனி, துபாசி பகைவன் பக்கம் சாய்ந்த கதையைக் கேளுங்கள்.

இவ்வட்டாரத்துத் தோல் கிடங்குகளிலும் கடைகளிலும் பழைய எடைப்பொறிகள் பல இருக்கின்றன. அவற்றில் உள்ளது ஒன்பது ஊசிப் பழஞ்செருகி. இக்காலக் கணிப்பொறியில் அதற்கு வாய் இல்லை. ஆகவே இடையில் ஒரு மாற்றிவடம் இட்டுக்கொள்கின்றோம். அவ்வடத்துக்குள் ஒரு சில்லு உண்டு. அத்தகைய சில்லுகளைச் செய்வதில் பெயர்பெற்றது இசுக்காட்டுலாந்தின் எப்.டி.டி.ஐ. என்னும் குழுமம். அதன் சில்லைப் போலவே போலிகளும் சந்தையில் மலிந்தன. 2014ஆம் ஆண்டு அக்குழுமம் விண்டோசுக்கென வெளியிட்ட புதிய இயக்கி, செருகப்பட்ட சில்லு போலியெனக் கண்டால், அதன் பொருள் எண்ணை அழித்துச் சுழியம் ஆக்கிவிட்டது. அடையாளம் இழந்த சில்லை எந்தக் கணிப்பொறியும் அறியவில்லை, வடம் செத்தது. போலி செய்தவன் குற்றவாளிதான், அதில் ஐயமில்லை. ஆனால் தான் வாங்கியது போலி என்றே அறியாமல் காசு கொடுத்தவனின் கருவியை, கடல் கடந்து இருந்துகொண்டு, அவனைக் கேளாமல் கொல்லும் உரிமையை யார் கொடுத்தது? எதிர்ப்பு எழுந்தபின் அந்த இயக்கியை அக்குழுமம் திரும்பப் பெற்றது.

இலினக்சுக் கருனியில் என்ன நடந்தது தெரியுமா? அதே 2014 அக்குதோபரில் ஒருவர் சில வரித் திருத்தம் ஒன்றை அனுப்பினார். அந்த ஆக்கியோன் எண்ணோடு பொருள் எண் சுழியமாக எது வந்தாலும் அதையும் நம் கருவியாகவே ஏற்றுக்கொள் என்பதே அதன் கருத்து. கொல்லப்பட்ட வடங்கள் எழுந்து உட்கார்ந்தன! இயக்கியை எழுதும் கை எவருடையது என்பதில் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன என்று நான் சொல்வது மிகையன்று.

இனித் தமிழுக்கு வருவோம். கருவி தன் பெயரை எழுத்தாலும் சொல்லலாம் என்று யூ.எசு.பி. நெறி இடங்கொடுக்கின்றது, எந்தெந்த மொழியில் சொல்லவியலும் என்பதையும் அது அறிவிக்க வேண்டும். அதற்காக 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட மொழியெண் பட்டியலில் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பதினறும முறையில் 0409. நம் தமிழுக்கு 0449. ஆம், தமிழுக்கு எண் உண்டு! கால் நூற்றாண்டாக அந்த நாற்காலி நமக்கென இடப்பட்டு, அமர ஆளின்றிக் கிடக்கின்றது. உங்கள் வீட்டிலுள்ள எந்தக் கருவியை வேண்டுமாயினும் கேட்டுப் பாருங்கள். 0449 என்று மறுமொழி சொல்வதொன்றை நான் இதுகாறும் கடையில் கண்டதில்லை. கருவி தன் மொழி இன்னதென்று சரிவரச் சொல்லாதபோது, கருனியும் தானாகவே 0409 என்று கொண்டுவிடும்படி எழுதப்பட்டிருக்கின்றது. ஊமைக்கும் ஆங்கிலமே தாய்மொழி!

இன்னொரு பட்டியலும் உண்டு. விசைப்பலகை தான் எந்நாட்டு முறைப்படி ஆக்கப்பட்டது என்று சொல்லுவதற்கான எண்கள் அதில் உள்ளன. 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் 1 முதல் 35 வரை. அரபி இருக்கின்றது, எபிரேயம் இருக்கின்றது, பாரசீகம் இருக்கின்றது. துருக்கிக்கு இரண்டு எண்கள். 34ஆம் எண் யூகோசுலாவியா. அந்த நாடு 2003இல் பெயரும் இன்றிப் போயிற்று. அதன் எண் மட்டும் இன்றும் வீற்றிருக்கின்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேர் பேசும் தமிழுக்கு அப்பட்டியலில் எண் இல்லை. இந்திக்கும் இல்லையே என்று ஒரு நண்பர் மகிழ்ந்தார். எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் தோன்றவில்லை.

உண்மையை மறைக்காமல் சொல்வேனாயின், இவ்வெண் இல்லாமையால் தமிழ் எழுதுவது நின்றுவிடவில்லை. விசைப்பலகை அனுப்புவது இத்தனையாம் விசை என்னும் எண்ணையே. அதைத் தமிழெழுத்தாக்குவது மேலடுக்கில் உள்ள மென்பொருள். ‘தமிழ் 99’ அங்கே நன்றாகவே இயங்குகின்றது. எனவே இதை நமக்கெதிரான சூழ்ச்சி என்று முழங்க நான் ஒருப்படேன். பட்டியல் எழுதிய அறையில் தமிழன் இருந்திருக்கலாம்; தமிழுக்காக ஒருவனும் இல்லை. பழி நம்முடையதும் ஆகும்.

நம் இயக்கத்தாரும் இதில் குற்றமற்றவர் அல்லர். ‘இயக்கி’ என்பதா, ‘செலுத்தி’ என்பதா, ‘ஓட்டி’ என்பதா என்று கூடிப் பேசிய மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. சொல் வேண்டும், வேர் பிழையாத சொல் வேண்டும். ஆனால் அம்மாலைகளில் ஒன்றிலேனும் நாம் ஓர் இயக்கியைத் திறந்து பார்த்தோமா? ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைக்கப்படும் காலணி ஐரோப்பியக் கடையில் வேற்றுப் பெயரோடு விற்கின்றது. தோலும் கையும் வியர்வையும் நம்முடையவை, கழிவு பாலாற்றுக்கு, பெயர் அவர்களுக்கு. வேலூர்க் கல்லூரிகளில் படித்து வெளியேறும் நம் பிள்ளைகளின் மென்பொருள் உழைப்பும் பெரும்பாலும் அத்தகையதே. கருனியிலோ, செய்தவன் பெயர் நிற்கின்றது. அங்கும் வாயிற்காப்போர் உண்டென்பதை மறவேன்: 2024 அக்குதோபரில், அமெரிக்கத் தடைச்சட்டங்களைக் கருதி, உருசியாவோடு தொடர்புடைய பேணுநர் சிலரின் பெயர்கள் பேணுநர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் அவர்கள் எழுதிய நிரல் அனைவர்க்கும் பொதுவாகவே இருக்கின்றது. அதை எடுத்துத் திருத்தி ஆள எவர் இசைவும் வேண்டியதில்லை.

இம்மேசைமேல் இருப்பதைப் பாருங்கள். ‘இராசுபெர்ரி பை சீரோ’ என்னும் இச்சிறு பலகை, தானே ஒரு யூ.எசு.பி. கருவி போல நடிக்க வல்லது. கருனியை ஒரு வரியும் மாற்றவில்லை. 0449 என்ற எண்ணுக்கு ஓர் அடைவு அமைத்து, அதனுள் ‘தமிழ்ச் செருகி’ என்று பெயர் எழுதினேன். ஒரு பெயருக்கு 126 குறிகள் வரை இடமுண்டு. புள்ளியும் உயிர்க்குறியும் இடைவெளியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்பட்டும் இதற்கு 14 குறிகளே செலவாயின. இதோ மடிக்கணினியில் செருகுகின்றேன். பொருளின் பெயர் இருக்க வேண்டிய கோப்பைத் திறக்கின்றேன். பின்வரிசையில் இருப்போரும் முன்வந்து படிக்கலாம். கருனி தன் வாயால் தமிழ் சொல்லுகின்றது.

இனிச் செய்ய வேண்டுவன இரண்டு. அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் இவ்வட்டாரத்தில் பல வீடுகளின் பரண்மேல் கிடக்கின்றன. தொடக்கத்தில் வந்தவற்றுள், சென்னை சி-தாக்கு ஆக்கிய ‘பாசு’ என்னும் இலினக்சு இயங்குதளமும் இருந்தது. ஓடுவது எதுவாயினும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கூடவே வேலை செய்யாத அச்சுப்பொறியோ, மாற்றிவடமோ, விரலியோ இருந்தால் எறியாமல் எடுத்து வாருங்கள். அவற்றின் ஆக்கியோன் எண்ணையும் பொருள் எண்ணையும் எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம்.

மற்றொன்று, கருனியின் ஆவணங்களுக்குச் சீனம், சப்பானியம், கொரியம், இத்தாலியம், இசுபானியம் ஆகிய மொழிகளில் பெயர்ப்பு அக்கருனியோடேயே சேர்ந்து வருகின்றது; தமிழ் இல்லை. புதியவர்க்கென எழுதப்பட்ட முதல் ஆவணத்தைப் பெயர்க்கத் தொடங்கியிருக்கின்றோம். ‘பேட்ச்’ என்பதற்குச் சொல் தேடி அகரமுதலிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கிழிந்த காலணிக்குத் துண்டுத் தோல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “ஒட்டுப் போடுறதுன்னு சொல்லுங்களேன்” என்றார். ‘ஒட்டு’ என்றே எழுதிவிட்டோம். முன்பு ஓடியதைப் புதிய ஒட்டு கெடுத்துவிடுவதற்கு ஒரு பெயர் இன்னும் அமையவில்லை. உங்களுள் எவர்க்கேனும் தோன்றினால், கூட்டம் முடிந்ததும் இக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.