மரத்தின் உயரம் மலையின் உயரமா?

எனக்கு இத்துறையைக் கற்றுத் தந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க நான் மேடையில் நிற்பது பெருமையாகவும் இருக்கிறது, சற்றுக் கலக்கமாகவும் இருக்கிறது.

மலை நிலப்பரப்பைக் கணினியில் மீட்டுருவாக்குவதுதான் நம் மாநாட்டின் பொருள். 1980இல் லோரன் கார்ப்பென்டர் தம் குறும்படத்தில் ஃபிராக்டல் மலைகளைக் காட்டியதும், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் கொண்டு பூமியை அளந்ததும் இங்கே யாருக்கும் புதிதல்ல. அமர்வுகள் அவற்றை விரிவாகப் பேசும். நான் நேராக நீலகிரிக்குப் போகிறேன்.

நமக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. விண்வெளியிலிருந்து உயரத் தரவு கிடைத்த பிறகு சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ தாள்கள் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மதிப்புக்குரிய ஒருவர், அவற்றை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றே எழுதினார். அவருடைய உழைப்பின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. அவருடைய முடிவை ஏற்க முடியவில்லை.

எண்டெவரின் முதன்மை ரேடாரின் அலைநீளம் 5.6 சென்டிமீட்டர். அடர்ந்த மரக்கூட்டத்தைத் துளைத்து அது தரையை எட்டுவதில்லை. பெரும்பாலும் இலைத்தொகுதியிலேயே திரும்பிவிடும். ஊட்டியைச் சுற்றியுள்ள கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்புகளை நினைத்துப் பாருங்கள். புல்வெளிச் சரிவில் ஒரு தோப்பு நிற்கிறது. தரவில் அது மேடாகப் பதிகிறது. நம் மென்பொருள் அந்த மேட்டின் விளிம்பைக் கடுஞ்சரிவு என்று கொண்டு பாறை நிறம் பூசுகிறது. அடுத்து, காடு வளர்க்கும் நிரல் அதே மேட்டின் மேல் மரங்களை நடுகிறது. மரத்தின் உயரம் இரண்டு தடவை கணக்கில் ஏறுகிறது; இல்லாத பாறையும் முளைக்கிறது. சோலைக் காடுகளின் கதை இன்னும் மோசம். அவை மலை மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் வளர்பவை. எனவே பள்ளமே தரவில் தூர்ந்துபோகிறது.

1:50,000 தாளில் சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். மேட்டுநிலத்துக்கு அது போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தரையைத் தேடி வரைந்த கோடு. ஓடை எங்கே பிறக்கிறது, முகடு எங்கே திரும்புகிறது என்பதை அது சொல்கிறது. ரேடார் தரவை அந்த ஓடைக் கோடுகளோடு ஒத்துப்பார்க்காமல் வெளியிடும் நீலகிரிப் படம் எதுவும் நீலகிரி அல்ல.

கார்ட்டோசாட்-1 தந்த நம் நாட்டு உயர மாதிரியைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து எண்ணியவை அல்ல. பூமிக்குக் கணக்கில் கொண்ட கோளவடிவிலிருந்து எண்ணியவை. தமிழ்நாட்டில் கடல்மட்டம் அந்த வடிவத்துக்கு 80 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அதனால் நாம் கூடியிருக்கும் ஆவடிகூட அதில் மைனஸ் எண்ணாக வரும். ரேடார் தரவின் ஓட்டையை இந்தத் தரவால் அப்படியே அடைத்தால் குந்தா பள்ளத்தாக்கின் நடுவே பாதாளக் கிணறு விழும்.

இந்தத் தரவுகளின் 30 மீட்டர் கட்டத்துக்குள் இருப்பது முழுக்க நிரலின் கற்பனை. அங்கே ஆல்ப்ஸ் மலைக்கென்று செய்த அரிப்பு அமைப்பை அப்படியே ஏற்றுகிறோம். 2,637 மீட்டர் தொட்டபெட்டா பனியாறு செதுக்கிய கூர்முகடாகிவிடுகிறது. அது பனியாறு காணாத மலை. சார்னோகைட் பாறை வெப்பத்திலும் மழையிலும் ஆழமாகச் சிதைந்து உருண்ட மலை. அதே வகைப் பாறை பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிறது. ஆவடியிலிருந்து போய்க் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

பூந்தமல்லிப் பக்கத்து ஸ்டுடியோவில் சினிமாவுக்குச் செய்யும் மலைக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம். ஆனால் அதே உயர மாதிரி நாளை மண்சரிவு ஆய்வுக்குப் போகும். 2009 நவம்பர் மழையில் நீலகிரி கண்ட சரிவுகளும் சாவுகளும் நமக்கு நினைவிருக்கின்றன. தோப்பின் விளிம்பைச் சரிவாகக் காட்டும் படத்தை வைத்து எந்த வீட்டைக் காலி செய்யச் சொல்வது?

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் காட்டும் ஒவ்வொரு படத்தின் கீழும், தரவு எது, உயரம் எதிலிருந்து எண்ணியது, எந்த அளவுக்குக் கீழே நிரல் நிரப்பியது என்று ஒரு வரி எழுதுங்கள். பழைய டோப்போ தாள் வைத்திருப்பவர்கள் ஸ்கேன் செய்து எல்லோரும் பயன்படுத்தக் கொடுங்கள்.