மிருக வைத்தியத்திற்கு ஒரு முதற்படி

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இளைஞர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



"உயர்தரச் சோதனையிற் புள்ளி போதாத பிள்ளை கால்நடைத் தொழினுட்பப் பயிற்சிக்குப் போனால், பின்னர் மிருக வைத்தியராக வரலாமா?" இதுவே சங்கச் செயலாளர் எம்மிடம் தந்த வினா. இதனை எம்மிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கால்நடைச் சேவையிற் களப்பணி புரிந்து ஓய்வு பெற்றோம். மிருக வைத்தியராக வேண்டும் என்ற ஆசையுடனேயே அத்தொழிலிற் புகுந்தோம், ஆகவில்லை. எம்முடன் பயின்ற ஒருவர் ஆனார். ஏறிய படியையும் ஏறாது நின்ற படியையும் அருகிலிருந்து கண்டவர் என்ற உரிமையிற் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

பட்டிப்பொங்கல் அன்று மாட்டுக்கு மாலை சூட்டி வணங்குகின்றோம். மறுநாள் ஒரு பிள்ளை "நான் மாட்டு டாக்குத்தராகப் போகிறேன்" என்றால் வீட்டிலே சிரிக்கின்றோம். இந்தச் சிரிப்பு அறியாமையாற் பிறந்தது. மிருக வைத்தியம் தனிக் கல்லூரி வைத்துக் கற்பிக்கப்படும் துறையாக ஐரோப்பாவிலே தோன்றியது 1761 இல், பிரான்சு தேசத்து லியோன் நகரிலாகும். மாடுகளை வாரிக் கொண்டுபோன கொள்ளைநோயே அக்கல்லூரி எழுவதற்கு ஒரு பெருங் காரணம். நம் நாட்டில் மிருக வைத்தியர்களைப் பதிவு செய்வதற்கு 1956 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பட்டப்படிப்புப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நடைபெறுகின்றது.

இனித் தொழினுட்பவியலாளரைப் பார்ப்போம். இங்கிலாந்திலே மிருக வைத்தியருக்குத் துணையாக நிற்போரைப் பயிற்றிப் பதிவு செய்யும் முறை 1961 இல் தொடங்கியது. அவர்களுக்கு "தாதி" என்ற பெயர் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவிலே பெரும்பாலும் இரண்டாண்டுக் கல்வியும் அதன்மேல் ஒரு தேசியப் பரீட்சையும் உண்டு. இரத்தம் எடுக்கலாம், மயக்க மருந்து கொடுத்த மிருகத்தைக் கண்காணிக்கலாம், கதிர்ப்படம் எடுக்கலாம். ஆனால் நோயை நிர்ணயித்தல், மருந்து எழுதுதல், சத்திரசிகிச்சை செய்தல் ஆகிய மூன்றும் வைத்தியருக்கே உரியன. நம் நாட்டிற் குண்டசாலையிலே கால்நடை வளர்ப்புக் கல்லூரியில் டிப்ளோமா பெற்று, கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக அரசாங்க மிருக வைத்தியரின் கீழ்ப் பணி செய்வோரை நீங்கள் அறிவீர்கள். தடுப்பூசி போடுவதும் செயற்கை முறையிற் சினைப்படுத்துவதும் பெரும்பாலும் இவர்கள் கைகளே.

அந்தக் கைவேலையை எளிதென்று எண்ண வேண்டாம். காளையின் விந்து மெல்லிய குழாயில் அடைக்கப்பட்டுத் திரவ நைதரசனிற் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை குளிரில் இருக்கின்றது. அதனை எடுத்து, இளஞ்சூட்டு நீரில் அரை நிமிட அளவு வைத்து, தாமதமின்றி உரிய இடத்திற் சேர்க்க வேண்டும். பசு 21 நாளுக்கு ஒருமுறை, ஒரு நாளுக்கும் குறைந்த நேரமே வேட்கையில் நிற்கும். அந்நேரம் தவறினால் வீட்டுக்காரருக்கு மூன்று வாரம் நட்டம். காலையிற் கதறிய பசுவுக்கு மாலையிற் போவதா, மாலையிற் கதறியதற்கு மறுநாட் காலையிற் போவதா என்பதைத் தெரிந்து சைக்கிளை எடுப்பவனே தொழில் தெரிந்தவன்.

இவ்வளவும் தெரிந்த பின் எமக்குச் சிறிது கர்வமும் வந்தது. அதன் விலையை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

சேவையிற் சேர்ந்து நாலைந்து ஆண்டுகள் இருக்கும். ஓர் இரவு, கணவனை இழந்த ஓர் அம்மா எம் வாசலுக்கு வந்தார். "தம்பி, மாடு எழும்புதில்லை. ஒருக்கா வந்து பாருங்கோ." கன்று போட்டு இரண்டு நாளான நல்ல கறவைப் பசு. கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தது. காதைத் தொட்டாற் குளிர்ந்திருந்தது. பாற்சுரம் என்று கண்டவுடனே தெரிந்தது. வைத்தியர் செய்வதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கின்றோம். அன்று அவர் ஊரில் இல்லை. கல்சியம் மருந்து எம் கையில் இருந்தது. நாமே நரம்பில் ஏற்றினோம். போத்தலை உயர்த்திப் பிடித்து, விரைவில் எழும்பட்டும் என்று விரைவாக ஏற்றினோம். போத்தல் முடியுமுன் பசு ஒருமுறை நடுங்கிக் கால்களை நீட்டியது. அவ்வளவுதான்.

நோயின் பெயர் எமக்குத் தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. கன்று போட்டதும் பாலுக்குள் இறங்கும் கல்சியத்தால் இரத்தத்திலே அது குறைகின்றது, தசைகள் வலுவிழக்கின்றன. இதயமும் ஒரு தசையே. அதனாலேதான் வைத்தியர் ஒரு கையிற் போத்தலைத் தாழ்த்திப் பிடித்து, இதயத்துடிப்பைக் கேட்டுக் கேட்டு, ஆறுதலாக ஏற்றினார். அவர் கையை மட்டுமே நாம் பார்த்திருந்தோம். அவர் காது எதைக் கேட்டது என்பதைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா எம்மை ஏசவில்லை. "கண்டுக்கு என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ" என்று மாத்திரம் கேட்டார். அடுத்த இரண்டு மாதமும் காலையும் மாலையும் பால் கொண்டுபோய்ப் புகட்டினோம். கன்று பிழைத்தது. பசுவுக்கு ஈடு அதுவாகாது.

சகோதரர்களே, தொழினுட்பவியலாளருக்கும் வைத்தியருக்கும் உள்ள தூரம் சம்பளத்தின் தூரமன்று. "எப்படி" என்பதற்கும் "ஏன்" என்பதற்கும் உள்ள தூரம். அதனைச் சேவை ஆண்டுகளாற் கடக்க முடியாது, படிப்பாலேயே கடக்கலாம்.

எம்முடன் பயின்ற நண்பர் இதனை முன்னரே உணர்ந்தார். பகலிற் பட்டியிலே நின்றவர் இரவிற் பௌதிகமும் இரசாயனமும் படித்தார். மீண்டும் சோதனை எழுதிப் பேராதனைக்குப் போனார். நாமோ முதற் சம்பளம் கிடைத்ததும் "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றோம். தங்கையின் கலியாணம் வந்தது. வீட்டுக் கடன் வந்தது. அடுத்த ஆண்டு வரவேயில்லை.

எனினும், படியில் நின்றவன் வாழ்வு வீண் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. மாட்டுக்கொள்ளைநோய் 1987 இல் நம் நாட்டிற் புகுந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பட்டிகள் வெறுமையாயின என்பதை முதியோர் அறிவர். அந்நோய் 2011 இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அதுவே. வோல்ற்றர் பிளவ்றைற் என்ற மிருக வைத்தியர் கென்யாவிலே 1960 அளவில் ஆக்கிய தடுப்பூசி அதற்கு அடிப்படை. பின்னர், குளிர்ப்பெட்டியின்றியும் பல நாட் கெடாத வகை உருவாக்கப்பட்டது. அதனைச் சுமந்துகொண்டு, வண்டி போகாத எதியோப்பியப் பாலைவெளியிலும் தென் சூடானிலும் மாடுகளுக்கு ஏற்றியவர்களுட் பலர் சில வாரப் பயிற்சி பெற்ற மேய்ப்பர்கள். அறிவு ஆய்வுகூடத்திற் பிறந்தது. அதனைக் கடைசி மாட்டுவரை கொண்டுபோனது கை. ஒன்றில்லாமல் மற்றது வென்றிராது.

ஆகவே செயலாளரின் வினாவுக்கு விடை இது: இது படிதான்; ஆனால் தானாக மேலே ஏற்றிவிடும் படியன்று. பல்கலைக்கழக வாயிலின் வழமையான அனுமதி உயர்தரப் பாடங்களையும் இசற் புள்ளியையுமே கேட்கும். எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டாய் என்று கேட்காது. அமெரிக்காவிலும் தொழினுட்பக் கல்வி முடித்தவர் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது சேதன இரசாயனம், பௌதிகம் முதலியவற்றைப் பெரும்பாலும் புதிதாகவே படிக்க நேருகின்றது. எனவே மூன்று வேண்டுகோள்.

பயிற்சியிற் சேரும் பிள்ளை தன் விஞ்ஞானப் புத்தகங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதிருக்கட்டும். சோதனைக்கு மூன்று தடவையே உண்டு. வெளிநாட்டிலே பட்டம் பெற எண்ணுவோர், அப்பட்டம் இங்கே பதிவுக்கு ஏற்குமா என்பதைக் கால்நடை வைத்திய சபையிடம் முன்னரே எழுத்திற் கேட்டறியட்டும். காணியை விற்ற பின் கேட்பதிற் பயனில்லை. மூன்றாவது பெற்றோருக்கு: பிள்ளையின் முதற் சம்பளத்தை வீட்டின் எல்லாக் கடனுக்கும் கணக்கிடாதீர்கள். ஒரு பகுதியைப் படிப்புக்கு விடுங்கள்.

ஏறுபவர்கள் ஏறட்டும், ஏறும்போது பட்டியிற் பழகிய கையையும் உடன் கொண்டுபோகட்டும். நிற்பவர்கள் நிமிர்ந்து நிற்கட்டும். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோற் செய்யாதிருக்கட்டும். அந்த இரவிலே எமக்கு இந்தச் சொல்லைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. இன்று உங்களுக்குச் சொல்ல நாம் இருக்கின்றோம்.