எழுத்துத் தெரியாதவரும் வாசிக்கும் புத்தகம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின், லயத்தில் பிள்ளைக்குக் கதை சொல்பவர் அம்மாயி. எழுத்துத் தெரியாத அவரிடம் புத்தகம் கொடுத்து என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. படப் புத்தகம் என்றால் பயனுண்டு.

சிபில் வெத்தசிங்க 1956இல் சிங்களத்தில் எழுதி, தாமே படமும் வரைந்த 'குட ஹொரா'வைப் பாருங்கள். 'குடைத் திருடன்' என்று பொருள். குடையையே காணாத ஊர் அது. கிரி மாமா பட்டணத்தில் குடை வாங்கி வருகிறார், களவு போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடி களவு. கடைசியில் காட்டு மரமொன்றில் குடைகள் தொங்குகின்றன. திருடன் ஒரு குரங்கு!

மழையும் குரங்கும் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. படத்தைக் காட்டி, நம் பேச்சிலேயே அம்மாயி இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். பக்கத்தைத் திருப்புமுன், "இனி என்ன நடக்கும்?" என்று கேட்டால் போதும், மீதியைப் பிள்ளையே சொல்லும்.

தமிழில் வேண்டுமா? சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் படக்கதைகள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' இணையத்தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கி அச்சிடலாம்.

சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாக ஆளுக்கொரு படப் புத்தகத்தைத் தத்தம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குக் கொடுப்போம். அலுமாரியில் பூட்ட வேண்டாம். கிழிந்தால் கிழியட்டும், பிள்ளைகள் வாசித்திருக்கிறார்கள் என்று மகிழ்வோம்.