வேகம் எந்த இடத்தில் குறைகிறது?



கண்களை முழுவதும் மறைத்துக்கொண்டு, எதிரில் இல்லாத ஓர் உலகத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டும் வி.ஆர். ஹெட்செட் என்னும் சாதனத்தை இப்போது விளையாட்டுப் பிரியர்கள் மட்டுமன்றி, இன்னும் கட்டப்படாத வீட்டுக்குள் நடந்து பார்க்க விரும்பும் கட்டடக் கலைஞர்களும், உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியர்களும் உபயோகித்து வருகிறார்கள். கணினியின் சக்தியைக் கடன் வாங்கிக்கொள்வதற்காக அதை ஒரு யூ.எஸ்.பி. கேபிளால் கணினியோடு இணைப்பவர்களில் பலர், கணினி விலை உயர்ந்ததாகவும் ஹெட்செட் புதியதாகவும் கேபிள் குறையற்றதாகவும் தோன்றியும், தலையைத் திருப்பும்போதெல்லாம் காட்சி தயங்கித் தயங்கி நகர்வதையும், ஓரங்கள் கட்டம் கட்டமாகச் சிதறுவதையும், சில நிமிஷங்களில் தலைசுற்றலே வந்துவிடுவதையும் கண்டு திகைக்கிறார்கள். ஹெட்செட்டுக்கென்று கணினியில் நிறுவும் செயலியிலுள்ள சோதனையை ஓட்டிப் பார்த்தால், விநாடிக்கு இரண்டு ஜிகாபிட்டுக்கு மேல் வரவேண்டிய வேகம் முந்நூறு சொச்சம் மெகாபிட்டில் நின்றுவிடுகிறது. அந்த வேகம் எந்த இடத்தில் குறைந்தது என்று தேடிப் பிடிக்கும் முறையைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

முதலில் அந்தக் கேபிளின்மேல் நாம் சுமத்தும் பாரம் எத்தகையது என்று பார்ப்போம். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் எதிரே, அகலத்தில் 1832, உயரத்தில் 1920 என்ற கணக்கில் ஒளிப்புள்ளிகள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். காட்சியோ விநாடிக்கு 90 தடவை மாறவேண்டும். இவற்றையெல்லாம் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 15 ஜிகாபிட் ஆகிறது. 5 ஜிகாபிட் தாங்கும் கேபிளில் இது போகவே போகாது. ஆகையால் கணினி ஒவ்வொரு காட்சியையும் வீடியோவாகச் சுருக்கி அனுப்ப, ஹெட்செட் அதை விரித்துக் கண்முன் நிறுத்துகிறது. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் 11 மில்லி விநாடிதான் என்பதால், வழியில் ஏற்படும் சிறிய தாமதத்தையும் கண் உடனே கண்டுகொள்கிறது.

இனி, யூ.எஸ்.பி.யின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும். ஏனெனில் நமது கஷ்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. விசைப்பலகைக்கு ஒரு துளை, மௌஸுக்கு ஒரு துளை, அச்சுயந்திரத்துக்கு வேறொரு துளை என்றிருந்த குழப்பத்தைப் போக்கி, எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ஓர் இணைப்பை ஏற்படுத்தும் நோக்கத்துடன் 1996ஆம் ஆண்டில் அது பிறந்தது. பரோடாவில் கல்வி பயின்று, இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் அதன் சிருஷ்டிகர்த்தாக்களில் முதன்மையானவர் என்பது நம்மவர்கள் பெருமைப்படத்தக்க விஷயம். அன்று அதன் உச்ச வேகம் 12 மெகாபிட். 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் தலைமுறை அதை 480 ஆக உயர்த்தியது. 2008இல் வந்த மூன்றாம் தலைமுறை 5,000 ஆக்கியது. புதியது வந்தபோதெல்லாம் பழையதைத் தள்ளிவிடாமல் அதற்கும் இடம் கொடுத்து வந்ததுதான் யூ.எஸ்.பி.யின் விசேஷ குணம். ஆனால் அந்தத் தாட்சண்யமே இன்று நமக்குத் தொந்தரவாக முடிகிறது. வேகமான பாதையில் எங்கேனும் ஒரு தடை இருந்தால், கணினியும் ஹெட்செட்டும் சண்டையிடுவதில்லை, இணைப்பை மறுப்பதில்லை, நமக்கு ஒரு வார்த்தை சொல்வதுகூட இல்லை. மௌனமாக 480 மெகாபிட் பாதைக்கு இறங்கிக் காரியத்தை நடத்திக்கொண்டு போகின்றன.

தடை இருக்கக்கூடிய இடங்களில் முதலாவதாகச் சந்தேகிக்க வேண்டியது கேபிளையே. இரண்டாம் தலைமுறைக் கேபிளுக்குள் நான்கே கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மூன்றாம் தலைமுறையில் தகவல் போக ஓர் இணையும், வர ஓர் இணையும், இவற்றுக்குப் பொதுவான ஒரு கம்பியுமாக ஐந்து புதிதாகச் சேர்ந்தன. 2014இல் வந்த டைப்-சி முனையிலோ 24 தொடுமுனைகளுக்கு இடம் உண்டு. ஆனால் இடம் இருப்பதனாலேயே அத்தனையும் கம்பியோடு இணைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. சார்ஜ் செய்வதற்காகக் கொடுக்கப்படும் டைப்-சி கேபிள்களில் மிகப் பெரும்பாலானவை பழைய 480 மெகாபிட்டுக்கு வேண்டிய கம்பிகளை மட்டுமே உடையவை. வெளித் தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஹெட்செட்டோடு பெட்டியில் வந்த சார்ஜர் கேபிளைச் செருகிவிட்டு, வேகம் போதவில்லையே என்று வருந்துவோர், கேபிளை மாற்றுவதன்றி வேறு பரிகாரம் தேடவேண்டியதே இல்லை.

பெயர் வைக்கும் விஷயத்தில் இத்துறையின் பெரியோர்கள் செய்திருக்கும் காரியத்தை என்னால் பாராட்ட முடியவில்லை. 2008இல் 3.0 என்று வழங்கிய அதே 5 ஜிகாபிட் இணைப்பைப் பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள். அதன் பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். எண் ஏறிற்றே தவிர, வேகம் ஓர் அணுவும் ஏறவில்லை. எனவே கடையில் கேபிள் வாங்கும்போது 3.0வா, 3.2வா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. தகவல் எத்தனை ஜிகாபிட் வேகத்தில் போகும் என்று கேட்பதே புத்திசாலித்தனம். அட்டையில் 60 வாட், 100 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மின்சாரத்தைப் பற்றிய செய்தி. தகவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீளத்தையும் கவனிக்கவேண்டும். சாதாரணச் செம்புக் கம்பியில் 5 ஜிகாபிட் வேகம் ஏறக்குறைய மூன்று மீட்டருக்கு மேல் தாக்குப்பிடிப்பது அரிது. ஹெட்செட்டை அணிந்தவரோ எழுந்து நின்று, திரும்பி, குனிந்து விளையாட விரும்புவார். அவருக்கு ஐந்து மீட்டர் வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு, இடையில் சமிக்ஞையைப் புதுப்பிக்கும் மின்னணுப் பகுதி கொண்ட கேபிளோ, ஒளியிழைக் கேபிளோதான் ஏற்றது. குவெஸ்ட் ஹெட்செட்டைத் தயாரிக்கும் நிறுவனமே விற்ற ஐந்து மீட்டர் லிங்க் கேபிள் ஒளியிழையால் ஆனதற்குக் காரணம் இதுவே. குட்டைக் கேபிளோடு மலிவான நீட்டிப்பு ஒன்றைச் சேர்த்து ஒப்பேற்ற முயல்வது பெரும்பாலும் 480க்கே கொண்டுபோய் விடும்.

கேபிளில் குற்றமில்லை என்று தெரிந்த பிறகு கணினியின் போர்ட்டுக்கு வருவோம். மேஜைக் கணினியின் முன்பக்கத்தில் சௌகரியத்துக்காக வைத்திருக்கும் போர்ட்டுகள், பெட்டிக்குள்ளே ஓடும் இன்னொரு கம்பியின் வழியாகவே மதர்போர்டை அடைகின்றன. அந்தக் கம்பி தரக்குறைவாக இருந்தாலோ சரியாகப் பொருந்தாவிட்டாலோ வேகம் அங்கேயே விழுந்துவிடும். ஆகவே பின்பக்கத்தில் மதர்போர்டோடு நேரே ஒட்டியிருக்கும் போர்ட்டில் செருகிப் பார்ப்பதே முறை. ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கும் காமெராவும் அதே கட்டுப்பாட்டுச் சிப்பைப் பங்கிட்டுக்கொண்டிருக்கக் கூடும். சோதனை முடியும்வரை அவற்றையும் கழற்றிவைப்பது நலம். உட்புறம் நீலநிறமாக இருப்பது வேகமான போர்ட்டின் அடையாளம் என்பார்கள். அது வழக்கமேயன்றிக் கட்டாயமான விதியல்ல; கணினியின் கையேட்டைப் பார்ப்பதே உத்தமம்.

இங்கே இரண்டு சிறு உபாயங்களைச் சொல்லவேண்டும். கேட்பதற்கு மந்திரவாதம் போல் தோன்றினாலும் இரண்டுக்கும் காரணம் உண்டு. பழைய செவ்வக முனையில் பழைய நான்கு தொடுமுனைகளும் முன்வரிசையிலும், புதிய ஐந்தும் பின்வரிசையிலும் இருக்கின்றன. மிக மெதுவாகச் செருகினால், முன்வரிசை முதலில் தொட்டு, கணினி இது பழைய சாதனம் என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. ஆகவே தயங்காமல் ஒரே மூச்சில் செருகவேண்டும். டைப்-சி முனையிலோ வேகப் பாதைக்கான கம்பிகள் இரு பக்கமும் இரண்டு தொகுதிகளாக இருந்து, செருகும் திசையைப் பொறுத்து ஏதேனும் ஒரு தொகுதியே வேலை செய்கிறது. அந்தத் தொகுதியில் தூசியோ பழுதோ இருந்தால், முனையைப் புரட்டிச் செருகிய மாத்திரத்தில் வேகம் திரும்பிவிடும்.

மென்பொருள் பகுதியை நான் சுருக்கமாகவே சொல்வேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்துடன் விண்டோஸ் யூ.எஸ்.பி. சாதனங்களை உறங்கவைப்பதுண்டு, பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடலாம். மதர்போர்டின் சிப்செட் டிரைவரையும் பயாஸையும் தயாரிப்பாளரிடமிருந்து பெற்றுப் புதுப்பிக்கவேண்டும். இது வெறும் சம்பிரதாயமான புத்திமதியல்ல: 2021ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம், தன் 500 வரிசைச் சிப்செட் கொண்ட கணினிகளில் யூ.எஸ்.பி. இணைப்பு அவ்வப்போது அறுந்துபோவதை ஒப்புக்கொண்டு, பயாஸ் திருத்தம் வெளியிட்டது. அந்நாட்களில் கேபிளை மாற்றி மாற்றிப் பணத்தை விரயம் செய்தவர்கள் எத்தனை பேரோ!

எந்தப் பரிகாரத்தைச் செய்தாலும் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு தடவையும் அளந்து பார்க்கவேண்டும். ஏரி நிறைந்து கிடந்தாலும் கடைமடைக்கு வருவது நடுவிலுள்ள மிகச் சிறிய மதகின் அளவுதானே. எந்த மதகு என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் இடித்துக் கட்டினால், செலவு மிஞ்சுமேயன்றி அறிவு மிஞ்சாது. சாதனமும் கணினியும் எந்த வேகத்துக்கு உடன்பட்டிருக்கின்றன என்பதை மைக்ரோசாஃப்டின் யூ.எஸ்.பி. வியூ போன்ற கருவி நேரே காட்டும்.

அளந்து வரும் எண்ணையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 5 ஜிகாபிட் இணைப்பில், எட்டு பிட் தகவலைப் பத்து பிட்டாக மாற்றி அனுப்பும் ஏற்பாட்டினால், தகவலுக்குக் கிடைப்பது 4 ஜிகாபிட்தான். மற்றச் செலவுகளும் போகச் சோதனையில் இரண்டு சொச்சம் வந்தால் அது ஆரோக்கியத்தின் லட்சணமே. அந்த எண் வந்த பிறகும் காட்சி தயங்கினால், குற்றம் கிராபிக்ஸ் கார்டிலோ, சுருக்கும் வேலையிலோ இருக்கும். கேபிளைக் குறைசொல்வது அநியாயம். மறுபுறம், வீடியோவை விநாடிக்கு 200 மெகாபிட் அளவில் அனுப்பினால், நடைமுறையில் முந்நூறு சொச்சம் தாங்கும் பழைய 480 மெகாபிட் பாதையிலேயே அது போய்விடும். குவெஸ்ட் ஹெட்செட்டுகளைக் கேபிளால் கணினியோடு இணைக்கும் லிங்க் வசதி 2019இல் வந்தபோது வேகமான கேபிளை வற்புறுத்திய நிறுவனமே, 2020இல் பெட்டியில் வரும் சார்ஜர் கேபிளும் போதும் என்று அனுமதித்துவிட்டது. என் அபிப்பிராயத்தில், ஏறி இறங்கும் பெரிய எண்ணைவிட நிலையாக நிற்கும் சிறிய எண் கண்ணுக்கு நல்லது. விளையாடும்போது ஹெட்செட்டின் பாட்டரி இறங்குவதையும் சிலர் வேகக்குறைவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றாம் தலைமுறையின் செவ்வக போர்ட்கூடத் தரவேண்டியது 4.5 வாட் மட்டுமே. ஹெட்செட்டின் பசிக்கு அது போதாது என்பதே அதன் காரணம்.

ஆகவே நேயர்களே, புதிய கணினிக்கோ புதிய ஹெட்செட்டுக்கோ பணம் கட்டுவதற்கு முன்னால், தெரிந்தவர் ஒருவரிடம் நல்ல 5 ஜிகாபிட் கேபிளை ஒரு மாலைக்கு இரவல் வாங்கி, பின்பக்கத்துப் போர்ட்டில் நேரே செருகிச் சோதித்துப் பாருங்கள். கேபிளையே வாங்குவதானால், ஜிகாபிட் கணக்கை அட்டையில் அச்சிட்டிருப்பதையும், சரிப்படாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் கடையையும் பார்த்து வாங்குங்கள்.