மெல்லிய கோடு எங்கே போச்சு?

இன்றைக்கு ஒரு எழுத்துருவைப் பற்றிப் பேசப் போறேன். பேர் பிளேஃபேர் டிஸ்ப்ளே. டென்மார்க்கைச் சேர்ந்த கிளாஸ் எகர்ஸ் சோரன்சன் வடிவமைச்சது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகை, ஃபேஷன் தளம், காபி ஷாப் மெனு என்று எங்கேயாவது கட்டாயம் பார்த்திருப்பீங்க.

இதை ஹை-கான்ட்ராஸ்ட் செரிஃப் என்பாங்க. செரிஃப் என்றால் எழுத்தின் முனையில் இருக்கிற சின்னப் பாதம். ஹை-கான்ட்ராஸ்ட் என்றால் ஒரே எழுத்துக்குள்ளே ஒரு கோடு நல்ல தடிமனாக இருக்கும், இன்னொன்று முடி மாதிரி மெல்லிசாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் இதோட அழகே.

என் அக்கா கல்யாணத்துக்கு நான்தான் இணையப் பத்திரிகை செஞ்சேன். சந்தன நிறப் பின்னணி, தங்க நிற எழுத்து, எல்லாமே பிளேஃபேர் டிஸ்ப்ளே. பெயர்கள் 96 பிக்சலில், மண்டபம், நேரம் போன்ற விவரமெல்லாம் 14 பிக்சலில். என் லேப்டாப்பில் பார்த்தால் அப்படியே சொக்கிப் போற மாதிரி இருந்தது.

அதை அனுப்பின அன்றைக்கு ராத்திரி பெரியம்மா கூப்பிட்டாங்க. "மண்டபம் பேரு போடவே இல்லையேப்பா?" ஓய்வுபெற்ற டீச்சர், ஆங்கிலம் சரளமா படிப்பாங்க. "இருக்கு பெரியம்மா, கீழே பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்குத்தான் கண்ணு சரியில்ல போலிருக்கு, விடு" என்றாங்க.

அந்த "விடு" என்னைத் தூங்க விடலை.

இந்த எழுத்து வகைக்கு இது புதுப் புகாரும் இல்லை. பிளேஃபேருக்கு ஒரு முன்மாதிரி, 18-ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமில் இருந்த ஜான் பாஸ்கர்வில்லோட எழுத்துகள். அந்தக் கோடுகள் ரொம்ப மெல்லிசு, படிக்கிறவங்க கண்ணே போயிடும் என்று அப்போதே திட்டினாங்க. அப்படித் திட்டின ஒருத்தர்கிட்ட பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு விளையாட்டு விளையாடினார். காஸ்லன் என்பவரோட எழுத்து மாதிரித் தாளில் பேரைக் கிழிச்சுட்டு, இது பாஸ்கர்வில்லோடது என்று கொடுத்தார். அவரும் அதிலேயே குறை மேல குறையா எடுத்துக் காட்டினாராம். 1760-இல் பாஸ்கர்வில்லுக்கு எழுதின கடிதத்தில் ஃபிராங்க்ளினே இதைச் சொல்றார்.

டிசைனர்களுக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. "பார்த்தியா, புகார் எல்லாம் மனப்பிரமைதான்" என்று சொல்லிடலாம். நானும் அந்த ராத்திரி அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கிட்டேன். ஆனால் பாஸ்கர்வில் எழுத்தை மட்டும் மெல்லிசாக்கலை. வழவழப்பான தாளைத் தேடினார், மையை நல்ல கறுப்பா தானே காய்ச்சினார், அச்சடிச்ச தாளைச் சூடான தகடுகளுக்கு நடுவே அழுத்தினார். அந்த மெல்லிய கோட்டைத் தாங்கறதுக்கு அவ்வளவு ஏற்பாடு. என் பத்திரிகைக்குத் தாள் எது? பெரியம்மாவோட பழைய ஃபோன் திரை. அதை நான் யோசிக்கவே இல்லை.

கணக்கைப் பாருங்க. 96 பிக்சலில் மெல்லிய கோடு 2 பிக்சல் என்று வெச்சுக்குவோம். 14 பிக்சலுக்குச் சுருக்கினால் அது 0.3 பிக்சல்கூட வராது. சாதாரணத் திரை மூன்றில் ஒரு பிக்சலை எப்படி வரையும்? அந்தப் பிக்சலையே மங்கலாக்கிக் காட்டும். சந்தனத்து மேல தங்கம் மங்கினால் கோடே காணாமப் போயிடும். மிச்சம் இருக்கறது தடிச்ச கம்பங்கள் மட்டும்தான்.

ஈயத்தில் அச்சுக் கோர்த்த காலத்தில் இது இப்படி இல்லை. ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனியாச் செதுக்கணும். சின்ன அளவில் மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி, இடைவெளியையும் கூட்டுவாங்க. அந்தக் காலம் போன பிறகு ஒரே வடிவத்தை எல்லா அளவுக்கும் இழுக்கவும் சுருக்கவும் பழகிட்டோம். ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக ஜோனதன் ஹெஃப்ளர் டிடோ எழுத்துருவைச் செஞ்சப்போ, 6 பாயின்டிலிருந்து 96 பாயின்ட் வரை ஏழு அளவுக்கு ஏழு வடிவம் வரைஞ்சார். பிளேஃபேரிலும் பின்னாடி அளவுக்கேற்ப மாறுகிற வேரியபிள் பதிப்பு வந்தது. நான் எடுத்தது டிஸ்ப்ளே. அதாவது தலைப்புக்கு மட்டும் என்று பேரிலேயே எழுதியிருக்கு. படிச்சும் கவனிக்கலை.

மறுநாள் திருத்தினேன். பெயர்கள் மட்டும் பிளேஃபேர் டிஸ்ப்ளேயில், பெருசா. விவரங்களுக்குக் கோடு சீராக இருக்கற வேறொரு எழுத்துரு, 18 பிக்சல், அடர் பழுப்பு நிறம். இன்னொன்று: பிளேஃபேரில் எண்கள் இயல்பாகவே ஏறி இறங்கி நிக்கும். நேரம், ஃபோன் நம்பர் எல்லாம் ஒரே உயரத்தில் வரணும் என்றால் சிஎஸ்எஸ்ஸில் லைனிங் எண்களைக் கேட்டு வாங்கணும். தலைப்பில் இருந்த தேதிக்கு அதையும் செஞ்சேன். அப்புறம் பெரியம்மா வீட்டுக்கே போய், அவங்க ஃபோனை வாங்கித் திறந்து அவங்க கையில் கொடுத்தேன்.

மெதுவாகப் படிச்சாங்க. கடைசி வரியில் நின்னாங்க. "அட, லிஃப்ட் இருக்காமே! மாடி மண்டபம்னு உங்கம்மா சொன்னா. முட்டி வலியோட எப்படி ஏறுறது, வராம இருந்துடலாம்னு நெனச்சிருந்தேன்."

அந்த வரி முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது.